தம்பியின் சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் தர மறுக்கிறது: என்ன செய்யலாம்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம்:

“ஐயா, என் தம்பிக்கு வயது 26. கடந்த 2025 ஆகஸ்டில் ஐந்தாறு நாள்கள் உறக்கமே இல்லாமல் ஓயாமல் பேசிக்கொண்டும், நள்ளிரவில் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டும் இருந்தான். தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்து 16 நாள்கள் வைத்திருந்தோம். இருமுனைக் கோளாறு (மிகை எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்றார்கள். இப்போது நன்றாகத் தேறிவிட்டான். கட்டணம் 1,72,000 ரூபாய். அப்பா 2022 ஜூனில் எடுத்த ஐந்து லட்ச ரூபாய்க் குடும்ப பாலிசியில் அவனும் இருக்கிறான்; ஒரு வருடம்கூடப் புதுப்பிக்காமல் விட்டதில்லை. கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் வசதி) கிடைக்கவில்லை. பில்களை அனுப்பிக் கேட்டதற்கு நவம்பரில் மறுப்புக் கடிதம் வந்தது. முன்பே இருந்த மனநோயை மறைத்துவிட்டோம் என்பது ஒரு காரணம். புறநோயாளியாகவே பார்த்திருக்கக்கூடிய சிகிச்சை என்பது இன்னொன்று. 2020-இல் கல்லூரியில் படித்தபோது தூக்கம் வரவில்லை என்று ஒரு மருத்துவரிடம் இரண்டு முறை போய், ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டான். அவ்வளவுதான். இப்போது மாதந்தோறும் மருத்துவருக்கு 800, மாத்திரைக்கு 2,200, வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசனைக்கு 1,200 ரூபாய் ஆகிறது. இதற்குக் காப்பீடு உண்டா? மூன்று மாதம் மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கலாம் என்றும் சொல்கிறார்கள். அம்மாவோ, ‘மேற்கொண்டு எழுதினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், இந்த பாலிசியை விட்டுவிட்டு, எதையும் சொல்லாமல் வேறு கம்பெனியில் எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறார். வழி சொல்லுங்கள்.”

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். தம்பி தேறிவிட்டார் என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றவற்றை நிதானமாகப் படிக்க முடிந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, இப்போது உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மனு எழுத உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்கு வந்த மறுப்புக் கடிதம் முடிவான தீர்ப்பு அல்ல. அதிலுள்ள இரண்டு காரணங்களில் ஒன்றுக்குக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மற்றொன்று சட்டத்தின் முன் நிற்பது மிகக் கடினம்.

முதலில் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் காப்பீடு தர வேண்டும் என்று கூறுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதை எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2019-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், மனநோய், மன அழுத்தம், உளவியல் கோளாறுகள் ஆகியவற்றுக்கான சிகிச்சையை பாலிசியின் விலக்குப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. இந்தச் சட்டத்துக்கு முரணாக மனநோயை மட்டும் விலக்கிக் கைவிரிக்க முடியாது என்று தில்லி உயர்நீதிமன்றமும் 2021-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, “மனநோய்க்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாது” என்று ஏஜென்டோ மருத்துவமனை முகப்பில் இருப்பவரோ சொன்னால், அது பழைய காலத்துப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், “அதே அடிப்படை” என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உடல் நோய்க்கு என்னென்ன நிபந்தனைகள் உண்டோ, அவை அத்தனையும் மனநோய்க்கும் பொருந்தும்: காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பின் சில நோய்களுக்குக் காப்பீடு கிடைக்காத தொடக்க மாதங்கள்), 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்ற விதி, அறை வாடகை வரம்பு, பாலிசி எடுக்கும்போது நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற கடமை. இன்றைக்கு மனநல க்ளெய்ம்கள் பெரும்பாலும் “மனநோய்” என்ற பெயருக்காக மறுக்கப்படுவதில்லை. இந்தப் பொது நிபந்தனைகளில் ஏதாவது ஒன்றின் பெயரால்தான் மறுக்கப்படுகின்றன. உங்களுக்கு நேர்ந்ததும் அதுவே.

மறைத்துவிட்டீர்கள் என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். இது எங்கிருந்து முளைத்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனையில் சேர்க்கிறோம். மகன் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கிறான். பணி மருத்துவர் படிவத்தை வைத்துக்கொண்டு, “எவ்வளவு நாளாக இப்படி?” என்று கேட்கிறார். தாயின் மனதில் அந்த நேரத்தில் கடந்த காலம் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது; “அஞ்சு வருஷமாவே அவன் சரியில்ல டாக்டர், அப்பவே தூக்கத்துக்கு மாத்திரை போட்டான்” என்கிறார். மருத்துவர் அதைச் சுருக்கி, “மனநோய் – ஐந்து ஆண்டுகளாக” என்று ஒரே வரியாக எழுதிவிடுகிறார். அந்த வரி டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அப்படியே ஏறிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து க்ளெய்ம் பிரிவில் அமர்ந்திருப்பவர் சிவப்பு மையால் கோடு போடுவது அந்த வரியின் கீழ்தான். நானே அப்படிக் கோடு போட்டிருக்கிறேன். அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பது, எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து குடும்பங்கள் சொல்வதைக் கேட்ட பிறகே எனக்குப் புரிந்தது.

எனவே, உங்கள் முதல் வேலை மருத்துவமனையிலிருந்து உள்நோயாளிக் குறிப்பேட்டின் முழு நகலை வாங்குவது. தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை இதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு உங்கள் தம்பிக்குத் தருகிறது. அவர் கையெழுத்திட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தால் போதும். அதில் நோயின் காலம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் ஊகித்ததுபோல் இருந்தால், ஏட்டில் எதையும் அழித்துத் திருத்தச் சொல்லாதீர்கள்; அது க்ளெய்மை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். சிகிச்சையளித்த மனநல மருத்துவரிடம் தனியாக ஒரு விளக்கச் சான்று கேளுங்கள். 2020-இல் இருந்தது தற்காலிகத் தூக்கமின்மை, அப்போது இருமுனைக் கோளாறு கண்டறியப்படவில்லை, அந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2025 ஆகஸ்டில்தான் என்பது உண்மையாயின், அதை அவர் தேதிகளோடு எழுதித் தர வேண்டும். 2020-ஆம் ஆண்டு மருந்துச் சீட்டு வீட்டில் இருந்தால், அதில் எழுதியிருக்கும் மாத்திரையின் பெயரும் அளவும் உங்களுக்குப் பெரிய சாட்சி.

சட்டத்தின் 3-ஆம் பிரிவையும் உங்கள் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதைத் தேசிய அளவிலோ உலக அளவிலோ ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே தீர்மானிக்க வேண்டும் என்றும், முன்பு எடுத்துக்கொண்ட சிகிச்சையை மட்டுமே வைத்து ஒருவரை மனநோயாளி என முடிவு செய்யக் கூடாது என்றும் அது சொல்கிறது. இரண்டு முறை மருத்துவரைப் பார்த்ததையும் ஒரு மாத மாத்திரையையும் வைத்து, அந்த இளைஞருக்கு 2020-லேயே இருமுனைக் கோளாறு இருந்தது என்று பின்னோக்கி முடிவுகட்ட காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இங்கே உங்கள் பக்கம் உள்ள பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களில் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய்தான் “ஏற்கெனவே உள்ள நோய்”. 2020-ஆம் ஆண்டு மருத்துவரைப் பார்த்தது இந்தக் காலத்துக்குள் வருகிறது. படிவத்தில் “கடந்த காலத்தில் ஏதேனும் சிகிச்சை பெற்றீர்களா” என்ற கேள்விக்கு அப்பா “இல்லை” என்று குறித்திருந்தால், நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது, யார் கையெழுத்தில் நிரப்பப்பட்டது என்பது முக்கியம். பெரும்பாலான வீடுகளில் ஏஜென்டே எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று குறித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்.

உங்களுக்குச் சாதகமான இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பு 2024 ஏப்ரல் முதல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. உங்கள் பாலிசி 2022 ஜூனில் தொடங்கி இடைவிடாமல் ஓடியிருக்கிறது. 2025 ஜூனோடு 36 மாதங்கள் முடிந்துவிட்டன. தம்பி சேர்ந்தது ஆகஸ்டில். நிறுவனம் சொல்வதுபோல் அது பழைய நோய்தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், காத்திருப்புக் காலம் கடந்துவிட்டது என்று நீங்கள் வாதிடலாம். 2025-ஆம் ஆண்டுப் புதுப்பித்தலில் வந்த பாலிசித் தாளை எடுத்து, அதில் எத்தனை மாதம் என்று அச்சாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

அடுத்தது, புறநோயாளியாகவே பார்த்திருக்கலாம் என்ற வாதம். இதை மனநோய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக எழுதிவிடுகிறார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது, டெங்குவுக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கை இருக்கிறது; ஐந்து இரவு உறங்காமல் நள்ளிரவில் வண்டியோடு சாலையில் திரிந்த ஓர் இளைஞரின் ஆபத்தைக் காட்ட அப்படி ஒரு தாள் இல்லை. ஆனால் சட்டம் அந்தத் தாளைத் தந்திருக்கிறது. மனநல நிலையத்தில் ஒருவரை அவர் விருப்பத்தின்பேரில் சேர்ப்பதாயினும், உள்நோயாளியாகச் சேர்க்கும் அளவுக்கு நோய் கடுமையாக இருக்கிறது என்று மருத்துவ அலுவலர் நிறைவடைந்திருக்க வேண்டும் என்று 86-ஆம் பிரிவு கூறுகிறது. தம்பி ஒப்புக்கொள்ளும் நிலையில் இல்லாமல், நியமனப் பிரதிநிதியாக (அவர் சார்பில் செயல்படச் சட்டம் ஏற்பவராக) குடும்பத்தார் விண்ணப்பித்து 89-ஆம் பிரிவின்கீழ் சேர்த்திருந்தால், ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்து, தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலை அல்லது தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாத நிலை இருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். எந்தப் பிரிவின்கீழ் சேர்க்கை நடந்தது என்று மருத்துவமனையில் கேட்டு, அந்தப் படிவத்தின் நகலை வாங்கி இணைத்துவிடுங்கள். நோயாளியை நேரில் பார்த்த மருத்துவர்கள் சட்டப்படி எழுதியதை, பார்க்காத ஒருவர் மேசையிலிருந்தபடி மறுக்க வேண்டுமானால், அதற்கு அவர் மருத்துவக் காரணம் காட்டியாக வேண்டும்.

அதோடு செவிலியர் குறிப்பேட்டையும் பாருங்கள். முதல் மூன்று இரவுகள் எத்தனை மணி நேரம் உறங்கினார், உணவை மறுத்தாரா, ஊசி மருந்து தேவைப்பட்டதா என்பது அதில் மணிக்கணக்கோடு இருக்கும். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்தைத் தொடங்கியிருந்தால், இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதித்திருப்பார்கள். அந்த அறிக்கைகளும் உள்ளே வைத்துக் கவனிக்க வேண்டியிருந்ததைக் காட்டும். வெறும் பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டதை விலக்கலாம் என்று பாலிசியில் ஒரு விதி உண்டு. உங்களுடையது அதில் சேராது என்பதற்கு இவைதான் ஆதாரம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. தம்பிக்கு மதுப்பழக்கம் பற்றி ஏதேனும் குறிப்பு ஏட்டில் இருக்கிறதா? குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையை விலக்கிவைக்க நிறுவனங்களுக்கு இன்னும் அனுமதி உண்டு. ஆனால் மனநலச் சட்டமோ, மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. இந்த முரண்பாடு தீராமல் கிடப்பது பல குடும்பங்களை வாட்டுகிறது. நண்பர்களோடு எப்போதோ குடித்ததாக ஒரு வரி இருந்தால், சிகிச்சை இருமுனைக் கோளாறுக்கே அளிக்கப்பட்டது, குடிநோய்க்கு அல்ல என்பதையும் மருத்துவர் சான்றில் சேர்க்கச் சொல்லுங்கள்.

க்ளெய்ம் ஏற்கப்பட்டாலும் 1,72,000 ரூபாயும் அப்படியே வராது. பிறகு ஏமாற்றம் அடையக் கூடாதென்பதற்காக ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை நாளுக்கு 6,000 வாங்கியிருந்தால் 16 நாளுக்கு 96,000, கிடைப்பது 80,000. மருத்துவர், செவிலியர் கட்டணம் 40,000 என்றால், வரம்பை மீறிய அறையில் தங்கியதற்காக அதையும் ஆறில் ஐந்து பங்காகக் குறைத்து 33,333 தான் தருவார்கள். மருந்து, பரிசோதனைக் கட்டணங்களை இப்படி விகிதம் போட்டுக் குறைக்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. ஆகவே மருந்து 17,000, பரிசோதனை 14,000 முழுமையாக வர வேண்டும். பதிவுக் கட்டணம், உடனிருந்தவர் உணவு போன்ற 5,000 வராது. கூட்டினால் ஏறத்தாழ 1,44,000 ரூபாய். உங்கள் பில்லை இதேபோல் பிரித்துப் போட்டுப் பாருங்கள். அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசியாக இருந்தால் இந்தக் குறைப்பு எதுவும் வராது.

மாதாந்திரச் செலவுக்கு வருவோம். சாதாரண பாலிசி புறநோயாளிச் செலவைத் தாங்குவதில்லை; அதற்கென்று தனிப் பலன் சேர்த்து எடுத்திருந்தால்தான் மருத்துவர் கட்டணமும் மாத்திரையும் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள்களிலும், வீடு திரும்பிய பிறகு 60 நாள்களிலும் அதே நோய்க்காகச் செய்த செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தருகின்றன; சிலவற்றில் இது 60-உம் 90-உமாக இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் மருத்துவர் ரசீது, மருந்துச் சீட்டோடு கூடிய மருந்துக் கடை பில், இரத்தப் பரிசோதனை பில் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். ஆலோசனைக்கான ரசீதில் உளவியலாளரின் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் அதைப் பரிந்துரைத்த சீட்டும் வேண்டும். இவை இல்லாவிட்டால் அந்தத் தொகையை வெட்டிவிடுவார்கள். இருந்தாலும் சில நிறுவனங்கள் வாதாடும், ஆனாலும் கேளுங்கள்.

இனிவரும் மாதங்களுக்கு, காப்பீட்டைத் தாண்டிச் சிந்திப்பதே நல்லது. உங்கள் ஊரிலேயே அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. லித்தியம், வால்ப்ரோயேட் போன்றவை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்ற மருந்துகள். தம்பிக்கு எழுதியிருப்பது அவற்றில் ஒன்றாக இருந்தால், அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டி இலவசமாகவே பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் நிறுவனப் பெயரையோ அளவையோ மாற்ற வேண்டாம். லித்தியத்தில் அது ஆபத்து. ஆலோசனைக்கு இடையில் மனம் தளரும்போது அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மறுவாழ்வு இல்லத்தில் தங்கும் செலவு கிடைக்காது. ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்புக்காகத் தங்குவதை விலக்க விதி அனுமதிக்கிறது. நன்றாகத் தேறிவிட்டார் என்று நீங்களே எழுதியிருப்பதால், மூன்று மாதம் இல்லத்தில் வைப்பது உண்மையில் தேவையா என்பதை மனநல மருத்துவரிடமும் தம்பியிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அம்மாவின் பயத்தை நான் புறந்தள்ள மாட்டேன். தம்பிக்கு நாளை பெண் பார்க்க வேண்டும் என்ற கவலைதான் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்திடம் உள்ள தகவல் ஊருக்குத் தெரிவதில்லை. மனநோய் பற்றிய தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை 23-ஆம் பிரிவு தருகிறது. அவர் சொல்லும் மற்றொரு யோசனையை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இப்போது உறுதிசெய்யப்பட்ட நோயை மறைத்துப் புது பாலிசி எடுத்தால், அது உண்மையிலேயே மறைத்தல் ஆகிவிடும். இன்றைக்கு உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் அன்றைக்கு இருக்காது. கையில் இருக்கும் பாலிசியோ பொன்னானது. க்ளெய்ம் கேட்டதற்காக அதைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. உங்கள் ஒருவருக்கென்று பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. இடைவிடாமல் 60 மாதங்கள் முடிந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, உண்மையை மறைத்தீர்கள் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்கவும் முடியாது. உங்களுக்கு அந்த நாள் 2027 ஜூனில் வருகிறது.

இப்போது செய்ய வேண்டியது: பாலிசிதாரரான அப்பாவின் கையெழுத்தோடு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மனு எழுதுங்கள். இரண்டு காரணங்களுக்கும் தனித்தனியாகப் பதில், மருத்துவரின் சான்று, சேர்க்கைப் படிவம், குறிப்பேட்டு நகல் ஆகியவற்றை இணையுங்கள். பாலிசியின் எந்த விதியின்கீழ் மறுத்தீர்கள், க்ளெய்ம் மறுஆய்வுக் குழு இதை அங்கீகரித்ததா என்றும் கேளுங்கள். அந்தக் குழுவின் ஒப்புதலின்றி எந்த க்ளெய்மையும் மறுக்கக் கூடாது என்று ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கட்டளையிட்டிருக்கிறது. அதே மனுவை ஆணையத்தின் புகார் இணையதளமான பீமா பரோசாவிலும் பதியலாம், உதவிக்கு 155255.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ மீண்டும் மறுத்தாலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது, 50 லட்ச ரூபாய் வரை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஆனால் உங்கள் தொகைக்கும் ஆவணங்களுக்கும் ஓம்பட்ஸ்மனே விரைவான வழி என்று நினைக்கிறேன்.

மருத்துவரிடம் சான்று கேட்கப் போகும்போது தம்பியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வாழ்க்கையைப் பற்றிய தாள் அது. அதில் என்ன எழுதப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜூன் மாதப் பிரீமியத்தைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருப்பதால், வரியில்லாமல்தான் கேட்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.